ஜீப்பை உருவாக்கியது வில்லிஸா, பாண்டமா?

மலைவண்டி:
"ஜீப் என்றால் வில்லிஸ், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பேச நிறைய இருக்கிறது. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளிடம் நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி ஒன்று கேட்டது, முதல் வண்டிக்குக் கெடு 49 நாள். முன்வந்தது இரண்டே கம்பெனி. அதிலும் வில்லிஸ் கூடுதல் அவகாசம் கேட்டது. 49 நாளில் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டது பென்சில்வேனியா மாநிலம் பட்லரில் திவாலாகும் நிலையில் இருந்த அமெரிக்கன் பாண்டம்தான். டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினியர் சம்பளம் பேசாமலே வந்து, இரண்டு நாளில் வரைபடத்தைப் போட்டு முடித்தார். செப்டம்பர் 23, மாலை 5 மணிக்குக் கெடு முடிகிறது, 4.30க்கு வண்டி மேரிலாந்தில் இருந்த ஹோலாபேர்டு முகாமுக்குள் நுழைந்தது, அதுவும் பட்லரிலிருந்து தன் சக்கரத்திலேயே ஓடி. அன்றைக்கு வில்லிஸிடம் காட்டுவதற்கு ஒரு வண்டிகூட இல்லை.

கோடெவில் ரசிகன்:
முதலில் வந்ததாலேயே அதுதான் ஜீப் ஆகிவிடுமா நண்பரே? பாண்டம் வண்டியில் இருந்தது வெளியில் வாங்கிய கான்டினென்டல் எஞ்சின், 45 குதிரைத்திறன் சொச்சம். பிறகு போட்டிக்குள் வந்த ஃபோர்டு கொண்டுவந்தது டிராக்டர் எஞ்சினை மாற்றி அமைத்தது. வில்லிஸின் தலைமை எஞ்சினியர் பார்னி ரூஸ் தேற்றி எடுத்த கோ டெவில் எஞ்சின் மட்டும்தான் 60 குதிரைத்திறன், 2.2 லிட்டர். சேற்றிலும் மேட்டிலும் வண்டியை இழுத்தது அதுதான். எடை வரம்பை ராணுவம் 2,160 பவுண்டுக்கு உயர்த்தியபோதும் வில்லிஸ் வண்டி அதற்கு மேல்தான் இருந்தது, எஞ்சினை மாற்றாமல் போல்ட், பெயிண்ட் வரைக்கும் பார்த்துப் பார்த்து எடையைக் குறைத்தார்கள். 1941 ஜூலையில் 16,000 வண்டிக்கான ஆர்டர் வில்லிஸுக்குச் சும்மா வரவில்லை. விலையும் ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 740 டாலர்தான்.

மலைவண்டி:
எஞ்சின் நல்ல எஞ்சின், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அதை எந்த வண்டிக்குள் வைத்தார்கள்? ஹோலாபேர்டில் பாண்டம் வண்டி சோதனையில் இருக்கும்போதே வில்லிஸ், ஃபோர்டு எஞ்சினியர்களை ராணுவமே கூப்பிட்டுக் காட்டியது. அப்புறம் வரைபடங்களையும் எடுத்துக் கொடுத்தது. நவம்பரில் வந்த வில்லிஸின் முதல் மாதிரி வண்டியான குவாடின் படத்தையும் பாண்டம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கடைசியில் பாண்டம் கட்டியது 2,700க்கும் குறைவான ஜீப். அதிலும் பெரும்பங்கு பிரிட்டனுக்கும் சோவியத் யூனியனுக்கும் போனது. வண்டியைக் கொடுத்த கம்பெனியை, அந்த வண்டி பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் கட்ட அனுப்பிவிட்டார்கள். இதை அநியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

பழைய பட்டறை:
வரைபடத்தைக் கொடுத்ததில் திருட்டு எதுவும் இல்லை. முதல் வண்டிக்குப் பணம் கொடுத்தது ராணுவம், வடிவமும் தனக்கே சொந்தம் என்றது. லட்சக்கணக்கில் வண்டி வேண்டிய நேரத்தில் அந்தச் சின்ன ஆலையை மட்டும் நம்பி உட்கார முடியுமா? வில்லிஸ் 3,60,000 அளவிலும் ஃபோர்டு 2,80,000 அளவிலும் கட்டின. நீங்கள் இருவருமே ஃபோர்டை மறந்துவிட்டீர்கள். தட்டையான பானட், உள்ளே தள்ளி வைத்த ஹெட்லைட், தகட்டில் அச்சடித்து எடுத்த கிரில் எல்லாம் ஃபோர்டிலிருந்து வந்தவை. இன்றைக்கும் குழந்தை ஜீப் வரைந்தால் அந்த முகத்தைத்தான் வரைகிறது.

கோடெவில் ரசிகன்:
சரி, போருக்குப் பிறகு? 1945இல் சிஜே-2ஏ என்று பொதுமக்கள் கைக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது வில்லிஸ். பிரிட்டனில் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் உள்ள ஆங்கிள்சி தீவுப் பண்ணையில் ஓட்டிப் பார்த்து லேண்ட் ரோவரை யோசித்ததும் வில்லிஸ் ஜீப்பை வைத்துத்தான். 1948இல் வந்த முதல் லேண்ட் ரோவருக்கும் அதே 80 அங்குல வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி. மஹிந்திரா நம் ஊரில் பூட்டிக் கொடுத்ததும் வில்லிஸ்தான். உலகம் பார்த்துக் கற்றுக்கொண்ட வண்டி எது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மலைவண்டி:
பரப்பியது வில்லிஸ், ஒத்துக்கொள்கிறேன். உருவாக்கியதும் நாங்களே என்று விளம்பரம் செய்தார்களே, அதற்கு என்ன பதில்? வியாபாரத்தில் ஏமாற்று நடக்காமல் கவனிக்கும் அரசு அமைப்பான அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1943இல் வழக்கெடுத்து, 1948இல் அந்த விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று உத்தரவே போட்டது.

பழைய பட்டறை:
அதே கமிஷன், பாண்டம் இதை ராணுவ அதிகாரிகளோடு சேர்ந்து செய்தது என்றுதான் சொன்னது. அந்த அதிகாரிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1937லேயே கேப்டன் ஹோவி, ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமில் படுத்துக்கொண்டே ஓட்டும் ஒரு தாழ்வான வண்டியைச் செய்து பார்த்துவிட்டார்.

மலைவண்டி:
தாராளமாகச் சேர்க்கிறேன். ஆனால் அந்த அதிகாரிகள் இன்ன வண்டி வேண்டும் என்று எழுதுவதற்கு முன்னால், 1940 ஜூனில் எந்த ஆலைக்குப் போய்ப் பார்த்தார்கள்? பட்லரில் இருந்த பாண்டம் ஆலைக்கு. ஹோவியும் அங்கேதான் வந்து அவர்களோடு வேலை செய்தார். வில்லிஸ் ஊரான டொலீடோவுக்கு இந்தக் கதையில் வேலை வருவது அதற்கு அப்புறம்தான்.