மறு: ‘கிரில்மெஸ்’ எந்த வினை? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

துருக்கிப் பாடநூல் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை தரவேண்டும், ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். யஸ்மக் (எழுதுதல்) என்பது யஸில்மக் (எழுதப்படுதல்) ஆகிறது. வினையடி உயிரில் முடிந்தால் ‘ன்’: ஒகுமக், ஒகுன்மக். லகரத்தில் முடிந்தால் ‘இன்’: பில்மெக், பிலின்மெக். இவற்றுக்குச் செயப்பாட்டுவினை என்று எழுதிவிட்டேன். ஆனால் கிர்மெக் (நுழைதல்) கூட கிரில்மெக் ஆகுமாம். சாலைப் பலகையில் ‘கிரில்மெஸ்’ என்றால் உள்ளே வரக்கூடாது. எழுவாயே கிடையாது. இதற்கு என்ன பெயர்?

—

> செயப்பாட்டுவினை

தம்பி, செயப்படுபொருள் குன்றிய வினைக்கு ஏது செயப்பாட்டு? பெயரே பொய். ‘ஆளிலி வினை’ என்று வையுங்கள். ‘திண்ணை மெழுகிற்று’ என்று மெழுகியவரை விட்டுச் சொல்ல நம் இலக்கணம் இடம் கொடுக்கவில்லையா?

—

ஐயா, ஆளிலி என்றால் பிள்ளைகள் ட்ரோனைத்தான் நினைப்பார்கள். திண்ணையும் பொருந்தாது, அங்கே திண்ணை எழுவாயாகக் குந்தியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘உள்ளுக்கு வரப்படாது’ என்போம். வர + படு + எதிர்மறை. கிர் + இல் + மெஸ். அச்சு அசல்! ‘பொதுப்பாட்டுவினை’ என்று பெயர் வைத்தால் என்ன?

—

> அச்சு அசல்!

அக்கா, அந்தப் ‘படாது’ படுதானா? ‘உள்ளுக்கு வரப்பட்டது’ என்று யாரும் சொல்வதில்லையே. துருக்கியில் கிரில்தி (நுழையப்பட்டது) என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம் ஒரு சுவையான செய்தி. செய்தவரைக் குறிக்க அவர்கள் ‘தரஃபிந்தன்’ என்பார்கள். நம் நாளிதழ்களின் ‘அரசுத் தரப்பில் கூறப்பட்டது’ நினைவுக்கு வருகிறதா? இரண்டும் ஒரே அரபு ‘தரஃப்’. ஐயா போன மடலில் ‘தூய தமிழ்த் தரப்பு’ என்று எழுதியிருந்தார்.

—

இனி ‘சார்பு’ என்று எழுதுகிறேன். ‘பக்கம்’ என்று யாரும் தொடங்கவேண்டாம், அது வடமொழியா என்று இன்னொரு பத்து மடல் வரும்.

—

சரி, மூன்று பேர் ‘எழுவாயில்லாச் செயப்பாட்டுவினை’ போதும் என்று தனிமடலில் எழுதினார்கள். நீளம்தான், ஆனால் படித்தவுடன் புரிகிறது. அனுப்பிவிட்டேன். ‘வரப்படாது’ அடிக்குறிப்பில் போயிருக்கிறது, அக்கா.

—

> அனுப்பிவிட்டேன்

செயப்படுபொருளே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த பதிப்பிலாவது ஆளிலி.