குளத்துக்குச் சுவர் கட்டினால் குளம் செத்துவிடுமாம்!

நல்லூர் மேசன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மாநகர சபை உத்தியோகத்தர்களுக்கு ‘நகர உயிர்ப்பல்வகைமைத் திட்டமிடல்’, அதாவது ஊருக்குள் செடி, பறவை, பூச்சிக்கும் இடம் வைத்துத் திட்டம் போடுவது, என்று பயிற்சி கொடுக்க வேண்டுமாம். அந்தப் பயிற்சி இல்லாதபடியால்தான் யாழ்ப்பாணத்தில் குளங்களுக்கு நிமிர்ந்த சுவர் கட்டிக் கொன்றுவிடுகிறார்களாம். சுவர் கட்டியதால் செத்த குளம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். குப்பை அள்ளவே ஆள் போதாது, இதற்குள் தும்பி எண்ணப் பயிற்சி!

வழுக்கையாறு: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், அண்ணை. கொக்கு தண்ணீரில் நடந்து இரை பிடிக்கிற பறவை. அதற்கு ஆழமில்லாத ஓரம் வேண்டும், சரிந்த கரை வேண்டும், கொஞ்சம் கோரை வேண்டும். சுவர் ஓரத்தில் எடுத்த எடுப்பிலேயே ஆழம். கொக்கு எங்கே நிற்கும்? தவளை எதைப் பிடித்து ஏறும்? ஆமை முட்டையிட எப்படி வெளியே வரும்? நீங்கள் கட்டுவது குளமல்ல, பெரிய தண்ணீர்த் தொட்டி.

நல்லூர் மேசன்: சரி, சுவர் கட்டாத குளங்கள் எல்லாம் இப்போது எங்கே? சரிந்த கரையில் முதலில் ஒரு லோட் மண் விழும். பிறகு ஒரு கொட்டில் வரும். அதற்குப் பிறகு மாடிக்கடை. குளத்தைக் காப்பாற்றியது சுவர்தான். நம் முன்னோர் கோயில் கேணிகளைக் கல்லால்தானே கட்டினார்கள்? அவர்கள் பயிற்சிக்குப் போனார்களா?

வழுக்கையாறு: கேணி குளிக்கவும் கால் கழுவவும் கட்டியது, அதில் படி இருக்கும். மாடு இறங்கித் தண்ணீர் குடிக்க ஒரு பக்கம் சரிவு விட்ட கேணிகளும் நம் ஊரில் உண்டு. பக்கத்தில் மாடு முதுகு உரச ஆவுரோஞ்சிக்கல்லும் நட்டு வைத்தார்கள். மாட்டுக்கு முதுகு கடிக்கும் என்றுகூட யோசித்த ஆட்கள் அவர்கள். உங்கள் சுவரில் மாடு எங்கே இறங்கும்?

குருநகர்க் காற்று: கோரை வளர விட்டால் நுளம்பு வரும். டெங்கு வந்தால் கொக்கு வந்து சேலைன் ஏற்றுமா?

வழுக்கையாறு: டெங்கு நுளம்பு முட்டையிடுவது சிரட்டையில், பழைய ரயரில், கூரைப் பீலியில், பூச்சாடித் தட்டில். மீனும் தவளையும் இருக்கிற குளம் அதற்குச் சரிவராது. இதைக்கூடத் தெரியாமல்தான் ஓரத்துப் புல்லை வழித்து எடுக்கிறோம். அதனால்தான் பயிற்சி என்கிறேன்.

இன்னும் கேளுங்கள். இந்தக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. என் பெயரில் இருக்கிற ஆறும் மாரியில் மட்டும்தான் ஓடும். நாம் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத் தண்ணீர். அதை இறக்கிவிடுவது குளம். ஒரு குளம் நிரம்பினால் மற்றதற்கு வழிந்தோட வாய்க்கால் வேண்டும். வாய்க்காலுக்கு மேல் மதில் கட்ட அனுமதி கொடுக்கிற உத்தியோகத்தருக்கு இது தெரிய வேண்டாமா?

2008 இல் ஜேர்மனியில் நடந்த உயிர்ப்பல்வகைமை மாநாட்டில் சிங்கப்பூர் ஒரு யோசனை வைத்தது. ஒரு நகரம் தன் இயற்கைக்குத் தானே புள்ளி போட்டுக்கொள்ள ஒரு சுட்டெண். முதலில் 23 குறிகாட்டிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. 2021 இல் திருத்தி 28 ஆக்கினார்கள். பறவை எத்தனை வகை என்பதும் அதில் உண்டு, சபையின் பாதீட்டில் இதற்கு எவ்வளவு போகிறது என்பதும் உண்டு. அப்படியென்றால் தும்பி எண்ணுவது வெறும் பொழுதுபோக்கா?

நல்லூர் மேசன்: இவ்வளவு நீளம் எழுதினீர்கள், செத்த குளம் மட்டும் வரவில்லை.

கந்தர்மடத்து அக்கா: நான் வேறொரு சபையில் வேலை செய்கிறேன். செயலமர்வு என்றால் ஒரு கோப்பு, ஒரு பேனை, மத்தியானச் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். திரும்பி வந்து மேசையில் இருந்தால் மதிப்பீட்டுப் படிவத்தில் கருங்கல்லுக்கு விலை இருக்கிறது, கொங்கிரீட்டுக்கு விலை இருக்கிறது, கோரை நடுவதற்கு ஒரு வரிகூட இல்லை. விலை இல்லாத வேலையை எந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போடுவார்? கணக்காய்வில் கேட்டால் யார் பதில் சொல்வது? பயிற்சியைப் படிவத்தில் இருந்து தொடங்குங்கள்.

ரொறன்ரோப் பனை: ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கைதான் ராம்சார். கொழும்பு 2018 இலேயே ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் வாங்கிவிட்டது. கடல்நீரேரியும் கண்டலும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே நாங்கள் ஒரு பருத்த மரம் வெட்டுவதற்கே நகரசபையிடம் கேட்க வேண்டும்.

நல்லூர் மேசன்: வந்துவிட்டார். ஐயா, முதலில் ஊரில் இருக்கிற உங்கள் வெறுங்காணியைப் பாருங்கள். பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், அக்கம்பக்கம் எல்லாம் சொறிகிறது. பிறகு ராம்சார் பேசலாம்.

ரொறன்ரோப் பனை: அந்தக் காணியைத் துப்புரவாக்க மாதாமாதம் காசு அனுப்புகிறேன்.

குருநகர்க் காற்று: யாருக்கு அனுப்புகிறீர்கள்? 😀

வழுக்கையாறு: விஷயத்துக்கு வாருங்கள். கரை சரிவா, சுவரா?

நல்லூர் மேசன்: சுவர். பிள்ளை தவறி விழுந்தால் நீங்களா வந்து பதில் சொல்வீர்கள்?

வழுக்கையாறு: சரிந்த கரையில் விழுந்த பிள்ளை எழும்பி வரும். சுவருக்குள் விழுந்த பிள்ளை எதைப் பிடிக்கும்? வேண்டுமென்றால் தள்ளி வேலி போடுங்கள், எல்லைக்கல் நடுங்கள். சுவர் கட்டினால்தான் எல்லை தெரியுமா?

நல்லூர் மேசன்: எல்லைக்கல்லா! இரவோடு இரவாகப் பிடுங்கிப் படிக்கல்லாகப் போட்டுவிடுவார்கள். நான் முப்பது வருடம் கட்டட வேலை செய்தவன், தம்பி. சென்ரல் கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கிற பெருஞ்சமர் கிரிக்கெட் பற்றிய இழையிலும் நீங்கள் இப்படித்தான், 1904 இல் இருந்து வரலாறு எடுத்தீர்கள். சென்ரல்காரர் எல்லாரும் இப்படியா?

வழுக்கையாறு: சென் ஜோன்ஸ்காரர் தோற்ற வருடக் கணக்கை இன்னும் மறக்கவில்லைப் போல. கொக்கு எங்கே நிற்கும் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

நல்லூர் மேசன்: சுவருக்கு மேல் நிற்கும். நான் பார்த்திருக்கிறேன்.

வழுக்கையாறு: நிற்கும், பட்டினியாக நிற்கும்.

கந்தர்மடத்து அக்கா: படிவத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லப் போகிறீர்களா?

ரொறன்ரோப் பனை: என் காணிக்குள் போய்ப் பார்த்தது யார் என்று மேசன் ஐயா இன்னும் சொல்லவில்லை.

நல்லூர் மேசன்: உள்ளே போக வேண்டியதில்லை. ஒழுங்கையால் சைக்கிளில் போகிறவனுக்கே தும்மல் வருகிறது.