சிட்னிக்கு வந்து ஐந்து மாதம். பிழை விட்டுவிட்டோமா?

வற்றாப்பளை மகள் | 2025 ஜூலை 6

எல்லாருக்கும் வணக்கம். இரவு ஒரு மணி. மகள் நித்திரை. இவர் இன்னும் வேலையால் வரவில்லை.

முல்லைத்தீவிலிருந்து வந்தோம். முத்தையன்கட்டில் இருந்த மூன்று ஏக்கர் வயல் ஈட்டில், நகை வங்கியில். இவரின் ஒன்றுவிட்ட தம்பி இங்கே வீடு பார்த்துவிட்டு "வாடகை 620 டொலர்" என்று சொன்னபோது, மாதத்துக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வந்து இறங்கின பிறகுதான் தெரிந்தது, அது கிழமைக்கு. இங்கே வாடகை எல்லாமே கிழமைக் கணக்குத்தானாம். அதை ஒருவரும் முதலே வாய் திறந்து சொல்லவில்லை.

இப்போது குளிர் வேறு. வெளியை விட வீட்டுக்குள்தான் கூட. மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, ஹீட்டரை அரை மணித்தியாலம் போட்டுவிட்டு நிறுத்துகிறேன். போன கரண்ட் பில்லை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கடற்கரை நகரம் என்றார்கள். கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிற அம்மன் கோவிலடியில் வளர்ந்தவள் நான். ஐந்து மாதமாகக் கடலைக் கண்ணால் காணவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் என்ன சமையல் என்று கேட்கிறா. மீன் குழம்பு என்கிறேன். பருப்பும் சோறும்தான்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா? ஒப்பந்தம் முடிய முதல் வீட்டை விட்டால் என்ன செய்வார்கள்?

ஸ்காபரோ சித்தப்பா

பிள்ளை, சிட்னிக் குளிரெல்லாம் ஒரு குளிரா? நான் ரொறன்ரோ வந்து இறங்கியது 2001 மார்கழி. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட், ஏழு பேர், ஒரு குளியலறை. காலை நாலு மணிக்கு வரிசை. சப்பாத்துக்குள் பாண் பையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன், பனி உருகிக் கால் நனையாமல் இருக்க. முதல் மூன்று மாதம் வீட்டுக்கு எடுத்து அழுதது மட்டும்தான். பிறகு எல்லாம் சரி வந்தது. நீங்கள் கனடாவுக்கல்லோ வந்திருக்க வேணும்.

கச்சான் கடை

சித்தப்பா, அவ கேட்டது வீட்டைப் பற்றி.

தங்கச்சி, 620ஐ நாலால் பெருக்கினால் 2,480. இரண்டு பேரும் உழைத்தால் சமாளிக்கலாம். முடியாவிட்டால் சாவியை ஏஜென்டின் மேசையில் வைத்துவிட்டு வெளிக்கிடுங்கோ. எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் அப்படித்தான் செய்தான். ஒன்றும் நடக்கவில்லை.

இரணைமடு

கச்சான், இரண்டும் பிழை. வருடத்துக்கு 52 கிழமை. 620ஐ 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் பிரித்தால் மாதத்துக்கு கிட்டத்தட்ட 2,687. நாலால் பெருக்கிப் பட்ஜெட் போட்டவர்கள்தான் மாதக் கடைசியில் இருநூறு டொலர் எங்கே போனது என்று தலையைச் சொறிகிறவர்கள். நானும் சொறிந்தவன்.

சாவியை வைத்துவிட்டு ஓடினால், கட்டாத காசு கடனாக நின்று, ஏஜென்டுகள் பார்க்கிற வாடகைக்காரர் தரவுத்தளத்தில் பெயர் ஏறினால் அடுத்த வீடு எடுப்பது பெரும்பாடு.

தங்கச்சி, நீங்கள் முக்கியமானது ஒன்றையும் சொல்லவில்லை. என்ன விசா? ஒப்பந்தம் யார் பெயரில், எத்தனை மாதத்துக்கு, எப்போது தொடங்கியது? இவருக்கு என்ன வேலை, மணித்தியாலத்துக்கு எவ்வளவு? இது தெரியாமல் யார் சொல்வதும் குருட்டுச் சாத்திரம்.

மெல்பேர்ன் ராசன்

மெல்பேர்னுக்கு வாங்கோ. வாடகை குறைவு, எங்கட சனமும் இருக்கிறது. சிட்னியில் இருப்பது வீண்செலவு.

அடம்பன் கொடி

ராசன், விசா என்னவென்றே தெரியாமல் ஆளை இடம் மாற்றுகிறாய். மாணவ விசாவாக இருந்தால் படிப்பை என்ன செய்வது?

படகில் வந்தவன்

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் 2012 இல் படகில் வந்தவன். கிறிஸ்மஸ் தீவு, பிறகு முகாம், அதன் பிறகு இன்றுவரை தற்காலிக விசா. அப்பா முள்ளியவளையில் செத்தபோது போக முடியவில்லை. வட்ஸ்அப்பில் கொள்ளி வைத்ததைப் பார்த்தேன். உங்களிடம் ஒழுங்கான விசா இருக்கிறது, விரும்பினால் நாளைக்கே விமானம் ஏறலாம், விரும்பாவிட்டால் இருக்கலாம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இரவு ஒரு மணிக்குத் தெரியாது. கோபத்தில் சொல்லவில்லை, அக்கா.

கச்சான் கடை

அண்ணை சொல்வது சரி. ஆனால் ஊரில் இருப்பவர்கள் வேறு. என் மச்சான் போன கிழமை கேட்கிறான், "நீ அவுஸ்தானே, புது ஐபோன் ஒன்று அனுப்பேன்." நான் மூன்று வருடமாக உடைந்த கண்ணாடியோடு ஒரு போனை வைத்திருக்கிறேன்.

விசுவமடு

ஊரில் இருப்பவன் நான்தான், சொல்லுங்கோ. படம் போடுகிறவர்கள் நீங்கள். ஒபரா ஹவுஸுக்கு முன்னால் கூலிங் கிளாஸோடு நின்றுவிட்டு, காசில்லை என்றால் யார் நம்புவார்? பருப்பும் சோறும் படம் போட்டால் ஒருவரும் ஐபோன் கேட்க மாட்டார்கள்.

ஸ்காபரோ சித்தப்பா

அது உண்மை. நான் 2003 இல் வாடகைக்கு எடுத்த காருக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் அனுப்பினேன். தங்கச்சியின் சீதனம் அன்றைக்கே இரட்டிப்பாயிற்று.

மெல்பேர்ன் ராசன்

எங்களை இங்கே அனுப்பின ஏஜென்சிக்காரர்களைச் சொல்லவேணும். எங்களிடம் வாங்கின காசுக்கு ஒரு தாளில் வாடகை, பஸ், பள்ளிக்கூடம் என்று எழுதித் தந்திருந்தால்...

நெடுங்கேணி அக்கா

சரி, போதும். அந்தப் பிள்ளை ஒரு மணிக்கு எழுதினது, இப்போது பின்னேரம். மகள், இரணைமடு கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லு.

வற்றாப்பளை மகள்

மன்னிக்க வேணும், எழுதும்போது மூளை வேலை செய்யவில்லை.

மாணவ விசா, நான்தான் படிக்கிறேன். முதுகலை, பெப்ரவரி கடைசியில் தொடங்கினது. இவரும் மகளும் என்னோடு சேர்ந்த விசா. மகளுக்கு நாலு வயது. பராமரிப்பு நிலையத்தில் நாளுக்கு 150 டொலர் கேட்டார்கள், விட்டுவிட்டோம். நான் வகுப்புக்குப் போகும்போது இவர் பார்ப்பார், இவர் போகும்போது நான். வீடு வெஸ்ட்மீட்டில், இரண்டு அறை. ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம், என் பெயரில்.

இவர் ஒரு சாப்பாட்டுக் கடையில், சமையலறையில். கையில் காசு, மணித்தியாலத்துக்கு 15. இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் உனக்கு அனுமதி இல்லை, மேலே செய்தால் விசா போய்விடும், ஆகவே கணக்கில் காட்டாமல் தருகிறேன் என்று முதலாளி சொன்னார்.

நெடுங்கேணி அக்கா

மகள், உன் வீட்டு வாடகையில் பாதிப் பிரச்சினை அந்தச் சமையலறையில் கிடக்கிறது.

48 மணித்தியாலக் கட்டுப்பாடு உனக்கு, அதுவும் வகுப்பு நடக்கும் காலத்தில். நீ முதுகலை படிக்கத் தொடங்கின நாளிலிருந்து அவருக்கு அப்படி எல்லை இல்லை. எவ்வளவு நேரமும் செய்யலாம். என் சொல்லை நம்பவேண்டாம், குடிவரவுத் திணைக்களத்தின் வீவோ தளத்தில் அவருடைய கடவுச்சீட்டு, விசா இலக்கங்களைப் போட்டு நிபந்தனையைப் பார். முதலாளி தெரியாமல் சொன்னாரோ, தெரிந்தே சொன்னாரோ, அதை நீயே யோசி.

அடுத்தது சம்பளம். 2025 ஜூலை 1 இலிருந்து நாட்டின் மிகக் குறைந்த சம்பளம் மணிக்கு 24.95. நிரந்தரமில்லாத வேலை என்றால் அதன் மேல் கால் பங்கு கூட, கிட்டத்தட்ட 31.19. அவர் வாங்குவது அதில் பாதி. கையில் காசு தந்தாலும் சட்டம் ஒன்றுதான். சம்பளப் பிரச்சினைகளைப் பார்க்கிற அரசாங்கத்தின் ஃபெயார் வேர்க் அலுவலகத்தில் முறையிடலாம். ஆனால் முதலில் வேறு வேலை தேடட்டும், வேலை செய்த நாட்களையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். நான் 2009 இல் துப்புரவு வேலைக்குப் போனபோது எழுதி வைக்கவில்லை. எட்டு மாதக் காசு போனது, அதை இன்னும் மறக்கவில்லை.

அடம்பன் கொடி

அக்கா, வீட்டு விஷயமும் சொல்லுங்கோ.

இரணைமடு

அதை நான் சொல்கிறேன், நானே கட்டினவன்.

நியூ சவுத் வேல்ஸில் ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் கட்டவேண்டிய காசு எவ்வளவு காலம் கழிந்தது என்பதைப் பொறுத்தது. கால் பங்குக்குள் என்றால் நாலு கிழமை வாடகை. காலுக்கும் அரைக்கும் இடையில் மூன்று கிழமை. அரையைத் தாண்டினால் இரண்டு. முக்காலைத் தாண்டினால் ஒன்று. நீங்கள் இன்றைக்கு விட்டால் மூன்று கிழமை, 1,860. அரை வருடம் கழிய விட்டால் 1,240.

வீடு எடுக்கும்போது முற்பணமாகக் கொடுத்த போண்ட், நாலு கிழமைக் காசு, ஏஜென்டிடம் இல்லை, அரசாங்கத்திடம் இருக்கவேணும். வைப்பிலிட்டதற்கு மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அது தனிக் கதை.

நெடுங்கேணி அக்கா

வீட்டை விடாமலும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு அறை என்றாய். ஒன்றை ஒரு படிக்கிற பிள்ளைக்குக் கொடு. வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி கேள். வீட்டின் ஒரு பகுதியைக் கொடுப்பதற்குக் காரணமில்லாமல் மறுக்க அவருக்கு உரிமை இல்லை. கிழமைக்கு 250 வந்தாலும் மூச்சு விடலாம்.

கச்சான் கடை

தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவதா, சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில்? குசினிச் சண்டையே பெரிய சண்டை. வேண்டாம், சின்ன வீடாகப் பாருங்கோ.

அடம்பன் கொடி

ராசன் சொன்ன மெல்பேர்னுக்கும் இப்போதைக்குக் கதவு மூடி. முதல் ஆறு மாதம் முடிய முதல் வேறு பல்கலைக்கழகம் மாறவேண்டுமென்றால் இப்போது படிக்கிற இடம் போகலாம் என்று விடுவிப்புத் தரவேணும். ஓகஸ்ட் கடைசி வரை பொறுங்கள். அதற்குப் பிறகு வூலொங்கொங், அடிலெய்ட் என்று யோசிக்கலாம். வூலொங்கொங்கில் கடலும் இருக்கிறது.

வற்றாப்பளை மகள் | ஜூலை 8

எல்லாருக்கும் நன்றி. இவர் வீவோவில் பார்த்தார். அக்கா சொன்னது சரி. திரையைப் பார்த்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு போய் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு வந்தார்.

வாடகைக்காரருக்கான இலவச ஆலோசனை நிலையத்துக்குக் கதைக்கவேணும், என் ஆங்கிலம் போனில் வராது.

நெடுங்கேணி அக்கா

131 450 க்கு எடு. அது மொழிபெயர்ப்புச் சேவை. "தமிழ்" என்று மட்டும் சொல்லு, ஆளைப் பிடித்து ஆலோசனை நிலையத்தோடு இணைத்துவிடுவார்கள்.

வெள்ளி, சனி, ஞாயிறில் பஸ், ரயில், ஃபெரிக்குப் பாவிக்கிற ஓபல் அட்டைக்கு ஒரு நாளுக்கு வெட்டுப்படுகிற உச்சக் காசு மற்ற நாளில் பாதி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பரமட்டாவில் ஃபெரி ஏறு. ஆற்றால் போய்த் துறைமுகத்தில் இறங்குவாய். அலை பார்க்கவேணுமென்றால் ரயிலில் பொண்டாய் ஜங்ஷன், அங்கிருந்து 333 பஸ். சோற்றைக் கட்டிக்கொண்டு போ, அங்கே கடையில் வாங்காதே.

வற்றாப்பளை மகள்

ஓம் அக்கா. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். தொடங்கினது பெப்ரவரி 8. அப்போ ஓகஸ்ட் 8 வந்தால் பாதிதானே?

இரணைமடு

இல்லை. நாள்தான் கணக்கு, 365இல் பாதி. ஓகஸ்ட் 8 முடியும்போது 182 நாள்தான் ஆகியிருக்கும், அரை நாள் குறைவு. 10ஆம் திகதிக்கு முதல் சாவியைக் கொடுக்காதீர்கள்.