மும்பை வீட்டுல புக் வெக்க இடம் இல்ல, தமிழ் படிக்க கிண்டில் சரிப்படுமா?

டோம்பிவிலி வாசகி:
மக்களே ஒரு ஹெல்ப். ஒரு பெட்ரூம் ஃப்ளாட், மாமியார், ரெண்டு பசங்க, என் புக்ஸ் எல்லாம் கட்டிலுக்கு அடில பெட்டில. போன மழைக்கு அப்புறம் திறந்தா ஓரமெல்லாம் பூஞ்சை, பக்கம் பக்கமா ஒட்டிக்கிட்டு கெடக்கு, பத்தாததுக்கு ராமபாணப் பூச்சி வேற ஓட்டை போட்டு வெச்சிருக்கு. கிண்டில் (அமேசானோட இ-புக் படிக்கற கருவி) வாங்கிக்கோங்கறார் வீட்டுக்காரர். நான் படிக்கறது முக்கால்வாசி தமிழ்தான், அதுவும் சின்னப் பதிப்பகத்து சிறுகதை, கவிதை. செட் ஆகுமா?

தாணே கார்த்தி:
கண்ண மூடிட்டு வாங்குங்க சிஸ்டர். ஃபாஸ்ட் லோக்கல் ட்ரெயின்ல ஒரு கைல கம்பி, ஒரு கைல கிண்டில், நின்னுக்கிட்டே படிக்கலாம், 6 இன்ச் மாடல் 200 கிராம் கிட்டதான் இருக்கும், குண்டு சரித்திர நாவல அப்படி புடிச்சா மணிக்கட்டு கழண்டுரும். பக்கம் மாறும்போதுதான் ஸ்கிரீன் கரண்ட் இழுக்கும், அதனால சார்ஜ் வாரக்கணக்குல நிக்கும் (லைட்ட ஏத்தி வெச்சா சீக்கிரம் இறங்கும்). 2016 கடைசில இருந்தே அமேசான்ல தமிழ் புக் இருக்கு. பழைய இலக்கியம்னா மதுரைத் திட்டம் 1998ல இருந்து இலவசமா போட்டுட்டு வராங்க.

செம்பூர் தாத்தா:
கார்த்தி தம்பி, அவங்க கேட்டது கவிதைம்மா, சரித்திர நாவல் இல்ல. எனக்கு கண்ணு சரியில்லன்னு எழுத்த பெருசு பண்ணினா வரி எல்லாம் மடிஞ்சு அடுத்த வரிக்குப் போயிடுது, நம்ம சொல்லும் ரயில் நீளம், கவிஞர் எங்க நிறுத்தினார்னே தெரியல. இன்னொண்ணு, அதுல நீங்க காசு குடுத்து வாங்கறது படிக்கற அனுமதி மட்டும்தான். 2009ல காப்புரிமை பிரச்சினைன்னு ரெண்டு புக்க வாங்கினவங்க கருவில இருந்தே அமேசான் அழிச்சாங்க, காச திருப்பிக் குடுத்தாங்க, வாஸ்தவம்தான். 2025 பிப்ரவரில கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணி யூஎஸ்பில ஏத்தற வசதியையும் எடுத்துட்டாங்க. பெட்டில இருக்கற புத்தகத்துல ராமபாணத்த தவிர எவனும் கை வெக்க முடியாது.

சயான்காரி:
தாத்தா 😂 வாசகிக்கா, கருவி வாங்கறதுக்கு முன்னாடி போன்ல கிண்டில் ஆப் போட்டு உங்க லிஸ்ட்ல இருக்கற பேர ஒவ்வொண்ணா தேடுங்க, சாம்பிள் இலவசம். சின்னப் பதிப்பகம் நிறைய பேர் இ-புக் போடறதே இல்ல. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்ப நம்பி மட்டும் வாங்காதீங்க, அது படம், எழுத்த பெருசாக்கினா பக்கமே நகர்ந்து ஓடும், 6 இன்ச்ல தலைவலிதான். ஈபப் (எழுத்து ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி மடங்கற இ-புக் ஃபைல்) கிடைச்சா மெயில்லயே கிண்டிலுக்கு அனுப்பிக்கலாம். இருக்கற புக்ஸ தரையில இருந்து மேல ஏத்துங்க, ஜூன் மழைக்கு முன்னாடி ஒரு நாள் காத்தாட வெச்சு, மூடி இறுக்கமான டப்பால, ஈரத்த உறிஞ்சற சிலிகா ஜெல் பாக்கெட்டோட போடுங்க.

டோம்பிவிலி வாசகி:
தேடிட்டேன், பாதிக்கு மேல இல்ல! நாவலுக்கு மட்டும் செகண்ட் ஹேண்ட் கிண்டில் பாக்கறேன், கவிதை டப்பாவுக்கு. கார்த்தி, பழசு வாங்கறப்ப என்ன செக் பண்ணணும்?

தாணே கார்த்தி:
பழைய ஓனர் அக்கவுண்ட்ட எடுத்துட்டாரான்னு மொதல்ல பாருங்க, அப்புறம் ஸ்கிரீன்ல கோடு.