கிளிஃப்ஹேங்கர்: தமிழில் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

மௌனப்படக் காலத்துத் தொடர்ப்பட நடிகைகளைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மேரி ஃபுல்லர், கேத்லின் வில்லியம்ஸ், பேர்ல் வைட், அப்புறம் இரண்டு ஹெலன்கள். ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த முகங்கள். எல்லாக் கட்டுரையும் ஒரே சொல்லில் வந்து நின்றுவிடுகிறது: கிளிஃப்ஹேங்கர். நாயகி பிழைப்பாளா மாட்டாளா என்ற நேரத்தில் படத்தை நிறுத்தி, மிச்சத்துக்கு அடுத்த முறை வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்களே, அந்த முடிவு.

இதற்குத் தமிழில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து 'பாறைமுகட்டுத் தொங்கல்' என்றால் படிப்பவர் கதையில் மலை எங்கே என்று தேடுவார். 'திடீர்த் திருப்பம்' வேறு பொருள். திருப்பத்தில் ஏதோ ஒன்று தெரியவரும், இங்கே தெரிய வேண்டியதை மறைத்து வைக்கிறார்கள். 'தொடரும்' எனக்கு மிகவும் பிடித்த சொல். வாரப் பத்திரிகையில் கடைசி வரிக்குக் கீழே அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அம்மாவும் மகளும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது முடிகிற அத்தியாயத்துக்குக் கீழேயும் 'தொடரும்' என்றுதான் போடுவார்கள்.

சொல்லைவிடப் பொருளில்தான் நமக்குக் குழப்பம் இருக்கிறது. ஹெலன் கிப்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ரோடியோ என்ற குதிரைச் சாகசப் போட்டிகளில் சவாரி செய்தவர், இயற்பெயர் ரோஸ். கேலம் படநிறுவனத்தின் 'தி ஹேசர்ட்ஸ் ஆஃப் ஹெலன்' படங்களில் ஹெலன் ஹோம்ஸ் விட்ட வேடத்தை ஏற்றார். படத்துக்காகப் பெயரையே ஹெலன் என்று மாற்றினார்கள். 1915இல், ரயில் நிலையக் கூரையிலிருந்து ஓடும் ரயிலின் மேல் அவர் குதிக்க வேண்டும். இடைவெளியை அளந்து, நிற்கும் ரயிலில் பழகி, வேகத்தை நொடிக்கணக்கில் கணித்து வைத்திருந்தார்கள். சரியாகத்தான் குதித்தார். ரயில் போன வேகத்தில் உடல் பெட்டியின் ஓரத்துக்கு உருண்டுவிட்டது. கைக்குக் கிடைத்த காற்றுப்போக்கியைப் பிடித்துக்கொண்டு, காட்சி இன்னும் நன்றாக வரட்டும் என்று உடலை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டார். சில சிராய்ப்புகளோடு போயிற்று.

இதைவிடப் பெரிய தொங்கலை நான் படித்ததில்லை. ஆனாலும் அந்தப் படம் கிளிஃப்ஹேங்கர் இல்லை. அந்த வரிசையில் வந்த 119 படங்களிலும் ஒவ்வொரு கதையும் அன்றைக்கே முடிந்துவிடும். 1912இல் தொடங்கிய மேரி ஃபுல்லரின் 12 பட வரிசையும் பெரும்பாலும் அப்படித்தான். பேர்ல் வைட்டைப் புகழேணியில் ஏற்றிய 'தி பெரில்ஸ் ஆஃப் பாலின்' (1914, 20 அத்தியாயங்கள்) பற்றிக் கேட்டால் எல்லாரும் கிளிஃப்ஹேங்கர் என்பார்கள். அதிலும் பெரும்பாலான அத்தியாயங்களில் ஆபத்து வந்து, அவர் தப்பித்து, அப்புறம்தான் படம் முடியும். 1913 டிசம்பர் இறுதியில் தொடங்கிய கேத்லின் வில்லியம்ஸின் 13 அத்தியாயப் படம்தான் ஆபத்தை அடுத்த அத்தியாயத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் அந்தக் கதையைக் கூடவே அச்சிட்டது. நியூ ஜெர்சியில் ஃபோர்ட் லீ பக்கத்துப் பாறைமுகடுகளில் இந்த மாதிரிப் படங்கள் எடுத்ததால் சொல் அங்கே பிறந்தது என்பார்கள். அச்சில் அது புழங்கத் தொடங்கியதோ 1930களில், இந்தப் பெண்களின் காலம் முடிந்த பிறகு.

ஆக, ஆள் தொங்கினால் போதாது, கதை தொங்க வேண்டும். கதை அன்றைக்கே முடிகிறவற்றை 'வரிசைப்படம்' என்றும், நீள்கிறவற்றை 'தொடர்ப்படம்' என்றும் பிரிப்போம். அந்த முடிவுக்கு என் பரிந்துரை 'அந்தர முடிவு'. 'பாதியில் அந்தரத்தில் விட்டுட்டுப் போயிட்டான்' என்று சொல்கிறோமே, அதிலிருந்து எடுத்தேன். எதிர்ப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

—

அக்காவுக்கு வணக்கம்.

பிரிப்பு மிகச் சரி. ஆனால் 'அந்தரம்' யாழ்ப்பாணத்தாருக்கு இடிக்கும். எங்களுக்கு அந்தரம் என்றால் தவிப்பு, அவசரம். 'அந்தரப்படாதேங்கோ' என்றால் பதறாதீர்கள் என்று பொருள். 'அந்தர முடிவு' என்று வாசித்தால் அவசரமாக எடுத்த தீர்மானம் என்றே எனக்குப் படும்.

நீங்கள் தள்ளிவிட்ட சொல்லில் பாறைமுகட்டை மட்டும் வெட்டிவிட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் தொங்கல் என்றால் ஒரு பொருளின் கடைசி முனை. 'கடை ஒழுங்கைத் தொங்கலில இருக்கு', அதாவது சந்தின் கடைசியில் இருக்கிறது, என்று வழி சொல்லுவோம். தொங்குவதும் அதுதான், முடிகிற இடமும் அதுதான்.

—

தம்பி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை. இங்கேயும் 'விஷயம் தொங்கலில் இருக்கு' என்று சொல்லத்தான் செய்கிறோம். முனை என்ற பொருள்தான் எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்தர முடிவைத் திரும்பப் பெறுகிறேன்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'அத்தியாயம் தொங்கலில் முடிகிறது.' 'இயக்குநர் கதையைத் தொங்கலில் நிறுத்தினார்.' 'தொங்கல் இல்லாத வரிசைப்படம்.' வினையோடும் பெயரோடும் ஒட்டுகிறது, விளக்கம் கேட்கவில்லை. கேத்லின் கட்டுரையில் இன்றிரவே மாற்றிவிடுகிறேன். ஹெலன் கிப்சன் கட்டுரையில் இந்தச் சொல் வராது. ரயிலில் தொங்கியதை மட்டும் முழுதாக எழுதுகிறேன்.

இந்த நடிகைகளை ஆங்கிலத்தில் 'சீரியல் குயின்' என்பார்கள். 'தொடர்ராணி' என்று ஒருவர் எழுதியிருந்தார். விளிம்பில் தொங்கி, விழுந்து, அடிபட்டு வேலை பார்த்தவர்களுக்கு அரியணைச் சொல் எனக்கு ஒப்பவில்லை. அதைத் தனி இழையில் எடுப்போம்.