பட்டாம்பூச்சிச் சட்டத்தினுள் பழுப்புத் தூள்: காப்பாற்ற வழி உண்டா?

மகிழம்பூ:
எட்டு மாதங்களுக்கு முன் நானே செய்த கண்ணாடிச் சட்டம். நடுவில் நீலப் பட்டாம்பூச்சி, சுற்றிலும் அழுத்தி உலர்த்திய பூக்கள். இப்போது பூச்சிக்கு நேர் கீழே பழுப்புத் தூள் சேர்கிறது. துடைத்தால் பத்து நாளில் மீண்டும் வந்துவிடுகிறது. ஓர் உணர்கொம்பு விழுந்துவிட்டது. சிவப்புப் பூக்கள் தேநீர்க் கறை நிறத்துக்குப் போய்விட்டன. அந்துருண்டை வைத்தும் பயனில்லை. தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா?

ஊசிமுனை:
பொறுங்கள். தூள் மினுங்குகிறதா? மினுங்கினால் அது சிறகுச் செதில், கவலை வேண்டாம். மரத்தூள் போல மங்கலாக இருந்தால் வேறு கதை. முடி முளைத்த சின்னஞ்சிறு தோல் ஏதும் கிடக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள்.

மகிழம்பூ:
மரத்தூள் போலத்தான் இருக்கிறது. தோலும் மூன்று கிடக்கின்றன. பார்த்ததிலிருந்து எனக்கே உடம்பு அரிக்கிறது.

ஊசிமுனை:
அருங்காட்சியகங்களையே ஆட்டிவைக்கும் சிறு வண்டின் புழு அது. பட்டாம்பூச்சியின் உடலைக் குடைந்து தின்கிறது. தூள் அதன் எச்சம். அந்துருண்டை புதிதாக வருவதை ஓரளவு தடுக்கலாம், உள்ளே குடியேறியதைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். சட்டத்தோடு காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியோ அதற்குக் கீழோ உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்! ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே திறந்தால் சிறகில் ஈரம் படியும். அவசரப்பட்டு நான் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். பிறகு தூளை மெல்லிய தூரிகையால் நீக்கி, பின்பக்க இடுக்குகளை நாடா ஒட்டி அடையுங்கள். உணர்கொம்புக்கு வெள்ளைப் பசை, ஊசி நுனியளவு.

உலர்பூ:
பூக்களுக்கு நேர்ந்தது வேறு. சட்டம் வெயில் படும் இடத்தில் இருந்ததா? சிவப்பு நிறமி ஒளிக்கும் ஈரத்துக்கும் எளிதில் சிதையும். போன நிறம் திரும்பாது, பூக்களை மாற்றத்தான் வேண்டும். இதழ் காகிதம்போலச் சலசலக்கும்வரை உலர்த்துங்கள். தடித்த நடுப்பகுதியில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். பின்னால் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கலாம்.

மகிழம்பூ:
ஜன்னலுக்கு எதிரேதான் மாட்டியிருந்தேன். ஆனால் சிறகின் நீலம் மட்டும் அப்படியே இருக்கிறதே?

உலர்பூ:
பெரும்பாலான நீலச் சிறகுகளில் அந்த நிறம் சாயம் அல்ல. செதிலின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தோன்றுவது, அதனால்தான் வெளுக்கவில்லை. பூவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மகிழம்பூ (ஐந்து வாரம் கழித்து):
தூள் நின்றுவிட்டது. பூக்களை மாற்றி, சட்டத்தை உள்சுவருக்குக் கொண்டுபோய்விட்டேன். உணர்கொம்புதான் சற்றுக் கோணலாக ஒட்டிக்கொண்டது.