முதல் நாய்: பிரீடரிடம் வாங்குவதா, காப்பகத்தில் எடுப்பதா?

புதுவரவு:
இதுவரை நாய் வளர்த்ததில்லை. வீட்டில் 7 வயதுப் பையன் இருக்கிறான். பகலில் 5 மணி நேரம் வீடு பூட்டியிருக்கும். பிரீடரிடம், அதாவது நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவரிடம், லாப்ரடார் குட்டி வாங்கும் எண்ணம் இருக்கிறது. ஆனால் காப்பகத்தில் இத்தனை நாய்கள் காத்திருக்கும்போது வாங்கத்தான் வேண்டுமா என்றும் தோன்றுகிறது. "காப்பக நாயின் குணம் தெரியாது, பிரீடர் குட்டி என்றால் கவலையில்லை" என்கிறார்கள். இது சரியா? நேரில் போனால் என்ன கேட்க வேண்டும்?

லாப்பிரியன்:
தாய், தந்தை இரண்டையும் பரிசோதித்த பிரீடராக இருந்தால்தான் அந்தப் பேச்சு பொருந்தும். பதிவுச் சான்றிதழ் வம்சாவளியைக் காட்டும், அவ்வளவுதான். உடல்நலத்துக்கு அது சாட்சி இல்லை.

லாப்ரடாருக்கு முதலில் கேட்க வேண்டியது, பெற்ற நாய்கள் இரண்டின் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே. இந்த எக்ஸ்ரேக்களைப் பார்த்துத் தரம் சொல்லும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு, நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே இறுதித் தரம் தருகிறது. ஒன்றரை வயதிலேயே குட்டி போட்ட தாய்க்கு அந்தத் தரம் இருக்க வழியில்லை. அடுத்தது மரபணுப் பரிசோதனை. விழித்திரை மெல்லத் தேய்ந்து பார்வை போகும் பி.ஆர்.ஏ., கடுமையாக ஓடியதும் பின்னங்கால் துவண்டு விழும் ஈ.ஐ.சி. இரண்டுக்கும் முடிவைக் காட்டச் சொல்லுங்கள். பெற்றவற்றில் ஒன்று 'கிளியர்' (கோளாறு மரபணு இல்லாதது) என்றால், சோதித்த அந்தக் கோளாறு குட்டிக்கு வராது. இரண்டும் 'கேரியர்' (தனக்கு நோய் வராமல் அந்த மரபணுவைச் சுமப்பது) என்றால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

தாயைக் குட்டிகளோடு, அவை வளரும் இடத்திலேயே பாருங்கள். தந்தை வேறிடத்தில் இருப்பது சகஜம். தாயைக் காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். "பாதி வழியில் வந்து தருகிறேன்" என்பவரும் வேண்டாம். 8 வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கவே கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் குட்டி கற்கிறது. சின்னப் பையன் இருக்கும் வீட்டுக்கு இந்தப் பாடம் ரொம்ப அவசியம்.

காப்பகத்தோழி:
8 வாரக் குட்டியின் குணத்தைத்தான் யாராலும் சொல்ல முடியாது! 2 வயது தாண்டிய நாயிடம் உயரம், எடை, துறுதுறுப்பு, குழந்தைகளிடம் நடந்துகொள்ளும் விதம் எல்லாமே கண்ணெதிரே இருக்கிறது. அந்த 5 மணி நேரத்தையும் யோசியுங்கள். இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. பழகிய வளர்ந்த நாய்க்கு 5 மணி நேரம் சிரமமில்லை. உங்கள் வீட்டுக்கு என் முதல் தேர்வு வளர்ந்த காப்பக நாய்தான்.

ஆனால் கூண்டுக்கு முன் நின்று முடிவெடுக்காதீர்கள். அந்தச் சத்தத்தில் சாது நாயும் குரைக்கும், துள்ளுகிற நாயும் மூலையில் ஒடுங்கும். வெளியே அழைத்துப் போய் அரை மணி நேரம் நடத்துங்கள், பையனும் கூட வரட்டும். அவன் கை நீட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்க, நாயாகவே உடலைத் தளர்த்தி வந்து முகர்ந்தால் நல்லது. உடல் விறைத்து, வாயை இறுக மூடி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால் அந்த நாய் இந்த வீட்டுக்கு வேண்டாம். ஏன் காப்பகத்துக்கு வந்தது, யாரையாவது கடித்திருக்கிறதா, குழந்தையோடு இருந்திருக்கிறதா என்று தினமும் சோறு வைப்பவரிடமே கேளுங்கள். சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்க விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

புதுவரவு:
நன்றி. காப்பகத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றும் என்று பயமுறுத்துகிறார்களே?

கால்நடைமருத்துவம்:
குட்டிகள் கூட்டமாக இருக்கும் எந்த இடத்திலும் வரும், பிரீடர் இடமும் விலக்கில்லை. பார்வோ தொற்றினால் வாந்தியும் ரத்தப்பேதியும் பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் தெரியும், சிலவற்றுக்கு 14 நாள் வரை ஆகும். வாங்கும் அன்று துள்ளிக்கொண்டிருப்பதை மட்டும் நம்ப முடியாது. "ஊசி போட்டாச்சு" என்ற பேச்சும் போதாது, தேதியோடு அட்டை வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி ஆரம்ப ஊசிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடுகிறோம். முறையாக ஊசி போட்ட வளர்ந்த நாய்க்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

வளர்ந்த நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சல் இருந்தால் பெரும்பாலும் பிளேட்லெட் குறைந்திருக்கும். இதயப்புழுச் சோதனையில் நோய் இல்லை என்று வந்தாலும் 6 மாதம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும், தொற்றி ஏறக்குறைய 6 மாதம் ஆகும்வரை அந்தச் சோதனையில் தெரியாது.

வந்த முதல் சில நாள் குளிப்பாட்ட வேண்டாம், உறவினரைக் கூட்ட வேண்டாம். பழைய தீவனத்தையே கொடுத்து, 7 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பையன் அதன் பக்கம் போகக் கூடாது. உறுமினால் நாயை அதட்டாதீர்கள், பையனைத் தள்ளிக் கூட்டிப் போங்கள். உறுமல் எச்சரிக்கை. அதட்டி அதை நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கலாம்.

லாப்பிரியன்:
இன்னொன்று. லாப்ரடார்தான் வேண்டுமென்றால் நல்ல பிரீடர்களிடம் வளர்ந்த நாய் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வாங்கியவர் திருப்பிக் கொடுத்தது, இனப்பெருக்கத்திலிருந்து ஓய்வு கொடுத்தது எனச் சிலரிடம் இருக்கும். காப்பகங்களிலும் லாப்ரடார் வருவதுண்டு, பெயரைக் கொடுத்து வையுங்கள்.